பீடோங்கிலிருந்து அங்கோர் வரை: பழைய கோயில், அரண்மனை பார்க்கப் போகும் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆள் சேர்த்து ஐந்து தடவை வெளிநாடு கூட்டிப் போயிருக்கிறேன்: இந்தோனேசியாவின் ஜாவாவில் யோக்யகர்த்தா இரண்டு, கம்போடியாவில் அங்கோர் இரண்டு, தமிழ்நாட்டில் தஞ்சாவூர் ஒன்று. நான் ஏஜென்டு இல்லை, செம்பனை ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஐந்து தடவையும் சொதப்பியது ஏறக்குறைய ஒரே விஷயத்தில்தான். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று முதலில் அதை வாங்கிவிட்டு, போகிற இடத்தில் எது எப்போது திறந்திருக்கும் என்று அப்புறம் தேடுவது.

ஆகவே இந்த வரிசையில் விமான டிக்கெட் 5-ஆம் படியில்தான் வருகிறது. அதற்கு முன் யார் அவசரப்படுத்தினாலும் வாங்காதீர்கள்.

1. மெர்போக்கில் ஒத்திகை பாருங்கள்

பீடோங்கிலிருந்து மெர்போக் போக அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு நம்மில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக பஸ்ஸில் போனதோடு சரி. வெளிநாட்டுக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் எல்லாரையும் ஒரு ஞாயிறு காலை அங்கே கூட்டிப் போங்கள். வளாகத்தில் மேடேறிப் போனால் சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற பழைய கோயிலின் கல் எச்சம் இருக்கிறது.

நீங்கள் அங்கே பார்க்க வேண்டியது கல்லை அல்ல, ஆட்களை. யார் பாதி மேட்டில் உட்காருகிறார்கள், யாருக்கு முக்கால் மணிக்கு ஒருமுறை கழிவறை வேண்டும், யார் சொல்லாமல் முன்னால் ஓடிவிடுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். முதல் பயணத்தில் நான் இதைச் செய்யவில்லை. யோக்யகர்த்தா பக்கத்தில் இருக்கும் பெரிய பௌத்த நினைவுச்சின்னமான போரோபுதூரின் படிக்கட்டில் ஓர் அம்மா, "தம்பி, மேல போகவும் முடியல, கீழ எறங்கவும் முடியல" என்று பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவரை இறக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

கண்ணுக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். புக்கிட் பத்து பகாட்டில் உயரமான கல்மேடை ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் தூண் பதித்த கற்களோடு தாழ்வான இன்னொரு மேடை. உயர்ந்தது கருவறை இருந்த விமானம், தாழ்ந்தது மண்டபம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், எவ்வளவு பெரிய கோயிலுக்குள் விட்டாலும் சாமி எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும்.

2. இடத்தை முட்டி முடிவு செய்யட்டும்

ஒத்திகையில் எழுதிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற இடம் எது என்று கேட்காதீர்கள், எவ்வளவு படி என்று கேளுங்கள்.

இலங்கையின் சிகிரியா பாறைக் கோட்டை ஏற ஏறத்தாழ 1,200 படி. முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. போரோபுதூரில் மேலே ஏறுவதற்குத் தனி டிக்கெட், கீழே வளாகத்தைச் சுற்றுவதற்குத் தனி டிக்கெட் என்று இருக்கிறது; ஏற முடியாதவருக்கு ஏறும் டிக்கெட் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் பெரும்பாலும் சமதளம். அங்கோர் பக்கத்தில் வயதானவர்களுக்கு என் முதல் சிபாரிசு அங்கோர் வாட் இல்லை, பந்தேய் ஸ்ரேய். சின்னக் கோயில், சமதளம், சிற்பங்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. கயிலையை ராவணன் அசைக்கும் காட்சி அங்கே இருக்கிறது. ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக இருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு பாட்டி அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நகரவில்லை.

முதன்முதலாக வெளிநாடு போகும் குழு என்றால் யோக்யகர்த்தா நல்லது, ஏனென்றால் நம் மலாய் அங்கே செல்லும். ஆனால் முழுசாக நம்பிவிடாதீர்கள். நமக்கு 'பூசிங்' என்றால் சுற்றி வருவது, அவர்களுக்குத் தலைசுற்றல். நமக்கு 'பெர்சூமா' என்றால் இலவசம், அவர்களுக்கு வீண். நம் ஆள் ஒருவர் வண்டிக்காரரிடம் 'பூசிங்-பூசிங்' போகலாம் என்று சொல்ல, அந்த மனிதர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

3. பூட்டியிருக்கும் நாளைக் கண்டுபிடியுங்கள்

திறந்திருக்கும் நாளைத் தேடினால் தவறவிடுவீர்கள். பூட்டியிருக்கும் நாளைத் தேடுங்கள். தாஜ் மகால் வெள்ளிக்கிழமை மூடல். சியோலின் கியோங்போக்குங் அரண்மனை செவ்வாய். பெய்ஜிங் அரண்மனை, பொது விடுமுறை நாட்கள் நீங்கலாக, திங்கள். தமிழ்நாட்டுக் கோயில்கள் தினமும் திறந்திருக்கும், ஆனால் மதியம் நடை சாத்துவார்கள். திருச்சியில் காலை இறங்கி, குளித்துச் சாப்பிட்டுத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தால் சரியாகக் கதவு சாத்தும் நேரம். மாலை 4 மணி வரை வேனில் தூங்க வேண்டியதுதான்.

அங்கோர் வாட்டுக்கு நம் வீட்டுக் காலண்டரே உதவும். 'பக்கான்' எனப்படும் அதன் உச்சி அடுக்கைப் பௌத்தப் புனித நாட்களில் மூடிவிடுவார்கள். அவை வளர்பிறை, தேய்பிறைகளின் எட்டாம் நாளும் பதினைந்தாம் நாளும். சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி பார்த்து, அந்த நாட்களையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நாளையும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் கணக்கும் நம் கணக்கும் ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

பேங்காக் அரண்மனைக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல சட்டை போட்ட ஆள் வந்து, "இன்றைக்கு மூடிவிட்டார்கள், வேறு கோயில் காட்டுகிறேன்" என்பார். வெகுகாலமாக நடக்கும் ஏமாற்று வேலை இது. அரச சடங்குகளுக்காக மூடும் நாள் உண்டுதான், ஆனால் அதை வாசலில் இருக்கும் காவலரிடம் மட்டும் கேளுங்கள். காலை 8.30-க்குத் திறந்து மாலை 3.30-க்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

4. பாஸ்போர்ட்டும் பெயரும்

பணம் வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். "இருக்கு அண்ணே" என்ற பதில் போதாது. திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்க வேண்டும். புதுப்பிக்க 200 ரிங்கிட், 60 வயதானவர்களுக்கு 100.

அடுத்த இரண்டு கேள்விகளைத் தனியாக, மற்றவர் காதில் விழாமல் கேளுங்கள். ஒன்று, அடையாளக் கார்டு நீலமா சிவப்பா. நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு; சிவப்புக் கார்டுக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடைக்காது. இங்கேயே பிறந்து தோட்டத்திலேயே வாழ்க்கை முழுவதையும் கழித்தவர்களில் இன்னும் சிவப்புக் கார்டோடு இருப்பவர்கள் உண்டு. எல்லார் முன்னாலும் கேட்டு அவர்களைக் கூனிக்குறுக வைக்காதீர்கள். இரண்டு, யாருக்காவது கடன் ஜாமீன் நின்றாரா. திவால் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போக முடியாது. பலருக்கு அது விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது. குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டால், தடை இருக்கிறதா என்று முன்கூட்டியே காட்டும்.

பெயர் விஷயம் நமக்கென்றே வாய்த்த தலைவலி. பாஸ்போர்ட்டில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி இருக்கும். இணையப் படிவம் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. அதனால் ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் விட்டுவிடுவார், ஒருவர் அப்பா பெயரை மட்டும் போடுவார். விமான நிறுவனம் சொல்லும் முறை எதுவோ அதைக் கேட்டு, குழுவில் எல்லாருக்கும் அப்படியே எழுதுங்கள். எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

விசா: கம்போடியா, இந்தோனேசியா, தாய்லாந்துக்குச் சில நாள் சுற்றுலாவுக்கு நமக்கு விசா வேண்டாம். கம்போடியாவுக்கு மின் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. இந்தியாவுக்கு மின் விசா வேண்டும். அதிலும் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் போலிகள் நிறைய. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள்.

5. பணம், விமான டிக்கெட்

இப்போது பணம் வாங்கலாம். கூட்டுக் கட்டி, அதாவது மாதாமாதம் எல்லாரும் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் எடுப்பது போல, சேர்க்கலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். வேண்டாம். கூட்டு நடத்துவது 1971-லிருந்தே சட்டப்படி குற்றம். அதோடு, முதல் மாதம் எடுத்தவர் மூன்றாம் மாதம் காணாமல் போன கதை நம் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அவரவர் கணக்கில் அவரவர் சேர்க்கட்டும். குறித்த நாளில் முழுத் தொகையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும். அன்று கொடுக்காதவரின் பெயரை எடுத்துவிடுங்கள், உங்கள் மச்சானாக இருந்தாலும். நான் ஒருமுறை மச்சானுக்காகப் பொறுத்தேன், டிக்கெட் விலை ஏறி எல்லாருக்கும் நஷ்டம்.

எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று 3-ஆம் படியில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த நாட்களை நடுவில் வைத்து டிக்கெட் தேடுங்கள். போய் இறங்கும் நாளில் எதையும் பார்க்கத் திட்டமிடாதீர்கள். இங்கிருந்து ரயிலில் சுங்கைப்பட்டாணி வழியாகக் கோலாலம்பூர் போய், விமானம் ஏறி, அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் 2023-இல் திறந்த புது விமான நிலையத்திலிருந்து ஊருக்கு இன்னும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரும்போது ஆட்கள் வாடிய கீரையாக இருப்பார்கள். பேங்காக் என்றால் பறக்காமலேயே போகலாம்: படாங் பெசாரிலிருந்து மாலையில் கிளம்பும் ரயிலில் படுத்தால் மறுநாள் காலை பேங்காக்.

6. நுழைவுச் சீட்டு

அங்கோரில் ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, 10 நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஆகவே நடுவில் ஒரு நாள் ஓய்வு வையுங்கள், கால்கள் வாழ்த்தும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம், ஆனால் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சீட்டில் உங்கள் படம் இருக்கும், மாற்றிக் கொடுக்க முடியாது, தொலைத்தால் மறுபடி வாங்க வேண்டியதுதான். கோயிலுக்குக் கோயில் பார்ப்பார்கள். முதல் நாள் மாலையிலேயே, அல்லது இணையத்தில், வாங்கி வைத்துவிட்டால் விடிகாலை வரிசை மிச்சம்.

டாலர் நோட்டு கிழிந்திருந்தால், மடிப்பில் சின்ன வெட்டு இருந்தால்கூட வாங்க மாட்டார்கள். இங்கே பணம் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் நமக்கு வேறு சிக்கல். தமிழ் முகம், தமிழ்ப் பேச்சு. சீட்டுக் கொடுப்பவர் நம்மை உள்ளூர் ஆள் என்றே நினைப்பார். மாமல்லபுரத்தில் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவர்களுக்கு 600. சும்மா 40 கொடுத்து நுழைந்துவிட்டு உள்ளே பாஸ்போர்ட் கேட்டால் அசிங்கம். நாம் வெளிநாட்டவர்தான், 600 கொடுங்கள். கடல் கடந்த இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தியர் கட்டணம் பொருந்தும். அந்த அட்டை இருந்தால் பெட்டியில் பூட்டி வைக்காமல் கையில் எடுத்துப் போங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

போரோபுதூரில் மேலே ஏற ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குழுவாகப் போகிறவர்கள் முன்பதிவு செய்யாவிட்டால் பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே என்று பிரிய நேரும்.

7. உடை, செருப்பு

தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களுக்கு இது போதும். சேலையில் வரும் அம்மாக்களுக்குப் பிரச்சினை இல்லை. பேத்திகளுக்கும், அரைக்கால் சட்டை மாமாக்களுக்கும்தான். பக்கானில் கையில்லாத சட்டைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டால் ஏற்க மாட்டார்கள், கை வைத்த சட்டையே வேண்டும். சேலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: செங்குத்தான படியில் கொசுவம் காலில் சிக்கும், ஏறும் நாளில் சுரிதார் போடுங்கள்.

கழற்றி மாட்ட எளிதான செருப்பு தஞ்சாவூருக்கு. பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ அங்கோருக்கு. போரோபுதூரில் ஏறுகிறவர்களுக்கு அவர்களே 'உபானத்' என்ற செருப்பைத் தருவார்கள், கல் தேயாமல் இருக்க. தஞ்சாவூரில் காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலில் கருங்கல் தரை சுடும்; ஒரு ஜோடி காலுறை கொண்டு போங்கள்.

8. உள்ளே எந்தப் பக்கம் திரும்புவது

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். விடியலில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் எழும், முன்பக்கம் நிழலாகவே தெரியும். அந்தக் காட்சிக்காகக் குளக்கரையில் கூட்டம் முண்டியடிக்கும். நீங்களும் பாருங்கள், ஆனால் சூரியன் மேலே வந்ததும் மற்றவர்களோடு பசியாறப் போய்விடாதீர்கள். கூட்டம் வெளியே போகும் அந்த நேரத்தில் உள்ளே போங்கள். பக்கானில் ஒரே நேரத்தில் 100 பேர்தான்; முதலில் அதை முடித்துவிடுங்கள். பிள்ளைகளை அங்கே ஏற விடுவதில்லை, ஆகவே யார் கீழே பிள்ளைகளோடு நிற்பது என்று முந்தைய இரவே பேசி வையுங்கள். கோபுரத்தின் முகப்பைப் படம் எடுக்க வேண்டுமென்றால் பிற்பகல் வெயில்தான் சரி.

அப்புறம் சுற்றுச் சுவர்ச் சிற்பங்கள். மேற்கு வாசலில் நுழைந்ததும் நம் கால் தானாக இடப்பக்கம் திரும்பும், பிரதட்சிணப் பழக்கம். இங்கே வலப்பக்கம் திரும்புங்கள். சிற்பங்கள் அப்பிரதட்சிணமாகத்தான் வரிசைப்படுகின்றன. வலப்பக்கம் போனால் முதலில் குருட்சேத்திரம், திரும்பினால் மன்னனின் ஊர்வலம், அடுத்து யமனும் சொர்க்க நரகங்களும், கிழக்கே திரும்பியதும் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள். வாசுகியை இழுக்கும் அசுரர்கள் முதலில் வருவார்கள், நடுவில் திருமால், பிறகு தேவர்கள். இங்கே வழிகாட்டியைவிட உங்கள் குழுவில் இருக்கும் வயதான பெண் ஒருவரைக் கதை சொல்ல விடுங்கள். நான் ஆங்கிலம் பேசும் வழிகாட்டியைப் பிடித்துப் பாதிப் பேரைக் கொட்டாவி விட வைத்தேன். அடுத்த முறை திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் கேட்டே வளர்ந்த ஓர் அக்கா பேசினார், ஒருவரும் அசையவில்லை.

யோக்யகர்த்தா பக்கத்தில் இருக்கும் பிரம்பானன் கோயில்களில் இதற்கு மாறு. கிழக்கே ஏறி இடப்பக்கம் திரும்பி, நம் வழக்கப்படி வலம் வாருங்கள். சிவன் கோயிலின் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் ராமாயணம் தொடங்கும், மிச்சக் கதை பக்கத்தில் பிரம்மா கோயிலில் தொடரும். தெரியாமல் முதலில் பிரம்மா கோயிலுக்குப் போனால் கதையைப் பின்னாலிருந்து பார்ப்பீர்கள். சிவன் கோயிலில் நான்கு அறைகளையும் பாருங்கள்: சிவன், தெற்கே அகத்தியர், மேற்கே பிள்ளையார், வடக்கே துர்க்கை. முதல் அறையோடு இறங்கிவிட்டால் அகத்தியரைத் தவறவிட்டுவிடுவீர்கள். போரோபுதூரிலும் வலமாகத்தான்.

ஒரு நாளைக்குக் காலையில் ஒரு பெரிய இடம், மாலையில் ஒரு சின்ன இடம். அதற்கு மேல் வைத்தால் மூன்றாவது கோயிலில் எல்லாரும் நிழல் தேடுவார்கள்.

9. சாப்பாடு

சைவக்காரர்கள் கம்போடியாவில் கவனம், காய்கறியிலும் மீன் சாறு விழும். ஊறுகாய், அவல், மைலோ பாக்கெட் கொண்டு போங்கள். ஜாவாவில் சோயாவில் செய்த தெம்பே, தாஹு கிடைப்பதால் கவலை இல்லை.

10. படமும், பிரிந்து போகிறவர்களும்

புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது, இலங்கையில் இதில் கண்டிப்பு அதிகம். தாய்லாந்தின் அயுத்யாவில் மர வேருக்குள் இருக்கும் புத்தர் தலையின் அருகே படம் எடுக்க உட்கார வேண்டும், உங்கள் தலை அதைவிட உயரக் கூடாது. சிற்பத்தை விரலால் தொட்டுக் காட்டாதீர்கள். கைவியர்வையில் கல் கறுக்கிறது. குங்குமம் வைக்கவே வைக்காதீர்கள். நம் ஆள் ஒருவர் பிரம்பானனில் பிள்ளையாருக்குப் பொட்டு வைக்கப் போய், காவலர் ஓடி வந்தார்.

ஒவ்வொரு கோயிலிலும் உள்ளே போவதற்கு முன் வேனுக்குத் திரும்பும் நேரத்தையும், காணாமல் போனால் நிற்க வேண்டிய இடத்தையும் சொல்லுங்கள். 'வாசலில்' என்று சொல்லாதீர்கள், பெரிய கோயில்களுக்கு நான்கு பக்கமும் வாசல் இருக்கும். அங்கோரின் தா புரோம் கோயிலில் ஒரு தாத்தா கிழக்கு வாசலில் நின்றார், நாங்கள் மேற்கு வாசலில் தேடிக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் ஓட்டுநர் வேனை நிறுத்திய இடத்தைக் கைபேசியில் படம் எடுக்கச் சொல்கிறேன். கைபேசி இல்லாதவருக்கு, விடுதியின் பெயரும் ஓட்டுநரின் எண்ணும் அந்த ஊர் எழுத்தில் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் போட்டு, ஊக்கு குத்திவிடுகிறேன்.